லாரிக்குக் கட்டிய இட்லித் துணி

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் வாசலில் ஒரு பட்டாளத்து லாரி வந்து நின்றது. மற்ற லாரிகளுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இதற்கு இல்லை. யாரோ முகத்தில் ஒரு குத்து விட்டு உள்ளே தள்ளியதுபோல் சப்பையாக இருந்தது. உடம்பெல்லாம் பாசிப்பச்சை. கதவில் வெள்ளையாக எழுதியிருந்த எண்களை அரைகுறையாகச் சுரண்டிவிட்டு ஏலத்தில் விட்டிருந்தார்கள். திருத்தணியில் எங்கள் தெரு தறிச் சத்தம் தவிர வேறு சத்தம் அறியாத தெரு. லாரி உறுமியதும் எதிர்வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பத்து வயதுக்காரியான எனக்கு மட்டும் பயம் வரவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் என்ற அரிப்புத்தான் வந்தது. அந்த அரிப்பினால் அம்மாவிடம் நான் வாங்கிய குட்டுகளுக்கு அளவே இல்லை.

லாரி வாங்கும் யோசனை பாவாவுடையது. பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். யுத்தத்தில் அஸ்ஸாம் பக்கம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். திரும்பியவருக்கு ஊரில் வேலை எதுவும் அமையாததால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அதில் வருத்தம் இல்லை. மாப்பிள்ளை வீட்டோடு இருந்தால் மகளும் இருப்பாள், மகள் இருந்தால் வீட்டில் இரண்டாவது தறியும் ஓடும். அக்காவின் நெசவுக்கு எங்கள் தெருவில் ஈடு கிடையாது. துணியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினால் போதும், அது என்ன நூல், எவ்வளவு நெருக்கம், கஞ்சி எத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கிகளை மூட்டை கட்டித் திருத்தணி ரயிலடிக்குக் கொண்டுவருவதுதான் லாரியின் வேலை. வழியில் ஒரு மேடு உண்டு. சமதரையில் பட்டத்து யானை மாதிரி வந்த லாரி, மூட்டைகளோடு அந்த மேட்டில் பாதி ஏறியதும் இருமும், பின்னாலிருந்து கறுப்புப் புகையைக் கக்கும், பிறகு நின்றுவிடும். முதல் தடவை பாவா பெட்ரோலைச் சந்தேகப்பட்டார். இரண்டாவது தடவை மூட்டைகளை மாட்டு வண்டிகளில் மாற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. இனிமேல் உங்கள் தயவு வேண்டாம் என்று எந்த வண்டிக்காரர்களிடம் நைனா சொல்லியிருந்தாரோ, அதே வண்டிக்காரர்கள். அவர்கள் சிரிக்கவில்லை என்று பாவா சொன்னார். சிரித்திருந்தால் தேவலை என்றும் சொன்னார்.

லாரியில் பாதி, பொதட்டூர்பேட்டை நெசவாளர்களுக்குத் தலைவரான ஒரு பெரியவருடையது. வருகிற வெள்ளிக்கிழமை தானே வண்டியில் உட்கார்ந்து வந்து பார்ப்பதாக அவர் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு நைனாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இன்னொரு தபா மேட்டுல நின்னுச்சுன்னா, வண்டிய ஒடச்சி இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதான் மாப்ள. அப்புறம் நீங்க பட்டணத்துக்கே போயிடுங்க” என்றார்.

பட்டணம் சும்மா வந்த பேச்சு அல்ல. பாவாவோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு அழைத்துக் கடிதம் போட்டிருந்தார். பாவாவுக்குப் போக மனமில்லை. யுத்தத்தில் ஓட்டிய மாதிரி ஒரு லாரியைச் சொந்த ஊரில் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கோ வேறு கவலை. அக்கா போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள்? நான் யார் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்? அந்த லாரி மேடு ஏறியே ஆக வேண்டும் என்று எங்கள் மலைமேல் இருக்கிற முருகனிடம் தினமும் முறையிட்டேன்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாவா வெளியே போன சமயங்களில் அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். ‘தங்குவதற்கு ஒரு ரூம் தருவார்கள், வாசலிலேயே குழாய் இருக்கிறது’ என்று அதில் ஒரு வரி உண்டு.

“அந்த ரூம் வர்ற எடத்த இன்னொரு தபா படி பாப்பா” என்பாள்.

படிப்பேன். இன்னொரு தபா என்பாள். என் வாசிப்பு அவ்வளவு ஜோராக இருக்கிறது என்று நான் பூரித்துப் போவேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா கூட என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

திங்கட்கிழமை பாவா லாரியின் வயிற்றைத் திறந்தார். நான் பக்கத்தில் போய்த் தலையை நீட்டினேன். உள்ளே ஒரு இரும்புக் குடுவை. அதற்குள் தார் மாதிரி எண்ணெய், எண்ணெயில் துருப்பிடித்த கம்பிச் சுருள்.

“இது இன்னா பாவா?”

“இதுதான் வண்டிக்கு மூக்கு. காத்த இஸ்துக்கும், தூசிய எண்ணெயில புடிச்சி நிறுத்திடும்.”

“வண்டி மூச்சு உடுதா?”

பாவா இஞ்சினை ஓடவிட்டார். குடுவையைக் கழற்றி, அதற்குக் கீழே இருந்த துவாரத்தின்மேல் என் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று என் கையை உள்ளே இழுத்தது பாருங்கள், நான் வீறிட்டேன். லாரியும் திணறி இரண்டு குலுக்கல் குலுக்கியது. கையை எடுத்ததும் பழையபடி ஓடிற்று. அன்றைக்கு நான் அடைந்த ஆச்சரியத்தைப் பிறகு எந்த அதிசயத்திலும் அடையவில்லை. இவ்வளவு பெரிய இரும்புக்கு நம்மைப் போல மூச்சு வேண்டியிருக்கிறது!

“மூக்கப் பொத்திகினு நீ மலை ஏறுவியா? அந்த மாதிரிதான் இதுவும். சும்மா நிக்கும்போது கொஞ்சம் காத்து போதும். மூட்டைய தூக்கிகினு மேட்ல ஏறும்போது நெறைய வேணும்” என்றார்.

கம்பிச் சுருளை மண்ணெண்ணெயில் எத்தனை முறை கழுவியும் அடைப்பு விடவில்லை. வேறு வாங்கலாம் என்றால் கிடைக்காது. பாவா யோசித்து, கடைத்தெருத் தகரக்காரரிடம் போய் மண்ணெண்ணெய் டின்களை வெட்டி ஒரு குழாய் செய்துகொண்டு வந்தார். ஒரு முனை இஞ்சின் துவாரத்துக்கு. மறுமுனை, இஞ்சின் சூடு படாத குளிர்ந்த காற்றாக வரட்டும் என்று, கதவோரமாக வெளியே வந்து புனல் மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் ஆடி மாதம். ரோடெல்லாம் புழுதிக்காற்று. அந்த வாய்க்குத் துணி கட்டாவிட்டால் இஞ்சின் செத்துவிடும் என்றார் பாவா. நெசவுக்காரர் வீட்டில் துணிக்கா பஞ்சம்? நேரே அக்காவிடம் போய், நல்ல துணியாக ஒரு துண்டு வேண்டும் என்றார்.

அக்கா தறியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஒன்றொன்றாகத் தடவிப் பார்த்து ஒரு துண்டை எடுத்தாள். புது லுங்கித் துணி, கஞ்சி முறுக்கோடு இருந்தது. அதைக் கிண்ணம் மாதிரிக் குழித்துப் பிடித்து என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை.

“பாத்தியா, எப்டி நிக்குது” என்றாள்.

அவ்வளவு நெருக்கமான நெசவு. என் அக்காவை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை பாவா பாதிச் சுமையை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போனார். மத்தியானம் நடந்து வந்தார். அதே மேடு, அதே கறுப்புப் புகை. சுமையை இறக்கிவிட்டுத்தான் லாரியை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. குழாயை அகலப்படுத்த வேண்டுமோ, வளைவைக் குறைக்க வேண்டுமோ என்று தரையில் கரியால் படம் போட்டுக்கொண்டே இருந்தார். துணியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் தோன்றவே இல்லை. அக்கா கொடுத்த துணியில் குற்றம் பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது. அக்கா அவருக்குச் சோறு போட்டாள். “போனா போவுது, சாப்புடுங்க” என்று இரண்டு முறை சொன்னாள்.

எனக்கு மட்டும் பாவா சொன்னது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மலை ஏறினால் என்ன ஆகும்? வியாழக்கிழமை காலை அக்காவின் துணியில் வெட்டி மீந்ததை மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மலைப்படியில் ஏற ஆரம்பித்தேன். ஐம்பது படி தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாட்கள், படியெல்லாம் காவடிக் கூட்டம். வாயைக் கட்டிக்கொண்டு ஏறும் சிறுமியைப் பார்த்ததும் வாய்ப்பூட்டு நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள். வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் என் நெற்றி நிறைய விபூதி பூசி, “இந்த வயசுல இன்னா பக்தி!” என்று கண் கலங்கினாள். மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த நான் பதில் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினேன். அது பக்தியை இன்னும் உறுதிப்படுத்தியது.

வீட்டுக்கு ஓடி வேறு துணி தேடினேன். சமையலறைக் கொடியில் அம்மாவின் இட்லித் துணி காய்ந்துகொண்டிருந்தது. மெல்லிசு, சல்லடை மாதிரி நெசவு. அதை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். பாதி மலை வரைக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. அங்கேயிருந்து தலைதெறிக்க இறங்கி பாவாவிடம் போய் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன்.

பாவா இட்லித் துணியை உதட்டில் வைத்து ஊதினார். பிறகு அக்காவின் துணியை வைத்து ஊதினார். இரண்டாவது தடவையும் ஊதினார். தறிச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அக்காகிட்ட சொன்னியா?”

“இல்ல பாவா.”

“சரி உடு” என்று எழுந்துவிட்டார். இட்லித் துணியை நாலாக மடித்து, தூசி ஒட்டிக்கொள்ளட்டும் என்று எண்ணெயில் நனைத்துப் பிழிந்து புனலில் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வந்தாள். புனலைப் பார்த்ததும் நின்றாள். கட்டைவிரலால் துணியைத் தடவினாள்.

“யாரு குடுத்தது இத?”

“நான்தான்!” என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அக்கா என் பக்கம் திரும்பினாள். கஞ்சி வாசனை அடிக்கும் கையால் என் தலையைத் தடவினாள். “கெட்டிக்காரிதான் நீ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொதட்டூர்பேட்டையில் முழுச் சுமை ஏற்றினார்கள். பெரியவர் ஏறி உட்கார்ந்து, புனலைப் பார்த்து, “இன்னாங்க இது, வண்டி வாய்ப்பூட்டு போட்டுகினு வேண்டுதலுக்குப் போவுதா?” என்று கேட்டார். அவருக்கும் பாவாவுக்கும் நடுவில் நான். மேடு வந்தது. ஜன்னலுக்கு வெளியே துணி உள்ளே ஒட்டி, தளர்ந்து, மறுபடி ஒட்டியதை நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூச்சை நான் பிடித்துக்கொண்டேன். லாரியின் மூச்சு நிற்கவில்லை. இருமல் இல்லை, கறுப்புப் புகை இல்லை. முக்கிக்கொண்டே ஏறி, உச்சியைத் தாண்டி இறங்கியதும் பெரியவர் வாய்விட்டுச் சிரித்து என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவருக்காக அன்று அம்மா செய்த இட்லி துணி இல்லாமல் வாழையிலையில் வெந்தது. அதற்காக எனக்கு விழுந்த குட்டையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அந்த லாரி அதன்பிறகு பல வருஷம் ஓடியது. அக்காவின் தறியும் ஓடியது. எனக்குக் கல்யாணமாகிப் பட்டணத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனபோது அக்கா ஒரே ஒரு முறை வந்தாள். வாசல் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். தடவியே நெசவைச் சொல்கிறவளுக்கு, வாரந்தோறும் இட்லி ஊற்றுகிறவளுக்கு, ஆவி போகிற துணி எது, போகாத துணி எது என்று தெரியாமலா இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு அதெல்லாம் தெரியாது. பெரியவரை அனுப்பிவிட்டு நைனாவும் பாவாவும் வாசலில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தறியில் உட்காரவில்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. விறகுப் புகை என்று நினைத்தேன். அடுப்பையோ இன்னும் மூட்டியிருக்கவில்லை. நான் போய் மடியில் விழுந்தேன்.

“இனிமே நீ எங்கியும் போவ வேணாம் அக்கா. சந்தோஷம்தானே?”

“ஆங்” என்றாள். பெட்டியில் இருக்கும் கடிதத்தை எடுத்துவரச் சொன்னாள். நான் ஓடிப்போய் எடுத்துவந்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“ரூம் வர்ற எடத்த படிக்கட்டுமா?”

“வேணாம் பாப்பா, குடு” என்று வாங்கினாள். நாலாகக் கிழித்து அடுப்பில் விறகுக்கு அடியில் செருகி, குச்சியைக் கிழித்தாள். அன்றைக்கு என் வாசிப்பைக் கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.