புது ஃபோல்டர் முன்னால் போனது

எங்கள் சிங்கப்பூர் ஆபீஸ் டீமில் நான்தான் புதுசு. சி ப்ரோக்ராம் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஹெடர் ஃபைலைப் புது ஃபோல்டரில் வைத்து எப்படித் திருத்தினாலும் ப்ரோக்ராம் பழையபடியே ஓடியது. மதியத்துக்குள் கஸ்டமருக்குக் காட்ட வேண்டும்.

"விடு லா, பழைய வெர்ஷனையே காட்டிடலாம்," என்றார் டீம் லீட் நசீமா அக்கா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்த ஃபைலை எடுக்கிறாய் என்று, ப்ரோக்ராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரிடமே கேட்டேன். பழைய ஃபோல்டரில் அதே பெயரில் இருந்த ஃபைலைக் காட்டியது. கொடுத்த வரிசைப்படி ஃபோல்டர்களில் தேடி, முதலில் கிடைப்பதோடு அது நின்றுவிடும். நாங்களோ புது ஃபோல்டரை எப்போதும் கடைசியில் சேர்ப்பவர்கள். அதை முன்னால் போட்டேன். கஸ்டமர் முன் எல்லாம் சரியாக ஓடியது.

பிறகு தேக்கா மார்க்கெட்டில் பிரியாணிக் கடை வரிசையில் நின்றோம். அக்கா என்னைத் தனக்கு முன்னால் இழுத்துவிட்டார்.

"புதுசு முன்னாடி நிக்கட்டும்."

வேலையில் சேர்ந்ததிலிருந்து அன்றுதான் நான் கடைசியில் நிற்கவில்லை.