தம்பியின் சிறைநாட்கள் கழிந்த அன்று

என் தம்பி ஸ்கூட்டரைத் திருடியது உண்மை. குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் சாவியோடு நின்ற வண்டியை எடுத்து, செம்பூர் தாண்டுவதற்குள் பிடிபட்டான். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் ஒரு வருடத்துக்கும் மேல் உள்ளேயே கிடந்தான். கடைசியில் ஒரு வருடம் சிறை, பத்தாயிரம் அபராதம், கட்டாவிட்டால் இன்னும் மூன்று மாதம் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கச் சொல்லும் வரி மட்டும் தீர்ப்பில் இல்லை. சிறை ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

மாட்டுங்கா வக்கீலம்மா ஒருவர் அப்பீல் போட்டார். தையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனேன். ஜட்ஜ் ஏதோ கேட்டார். அரசு வக்கீல் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னாச்சு மேடம்?”

“தப்பு தப்புதான்னுட்டார். ஆனா உள்ள இருந்த நாளெல்லாம் கழிச்சாச்சு. தண்டனைக்கு மேலயே இருந்துட்டான். அபராதமும் ஆயிரம்தான். கட்டினா வெளில வந்துடலாம்.”

சிரிப்பு என்னை மீறி வெடித்துவிட்டது. கான்ஸ்டபிள் “சுப்!” என்று அதட்ட, அடக்கப் போய் விக்கல் பிடித்துக்கொண்டது. வக்கீலம்மா என்னை வெளியே இழுத்து வந்தார். வராந்தாவில் அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். “எம்மா, தம்பி வாரான்!”

“எப்பிடிட்டி வாரான்? தப்பிச்சா வாரான்?”

“இல்லம்மா, கோர்ட்டே விட்டுட்டு!”

அன்றே ஆயிரத்தைக் கட்டினேன். மறுநாள் சாயங்காலம் தம்பி பிளாஸ்டிக் பையோடு ஜெயிலை விட்டு வெளியே வந்தான். மெலிந்திருந்தான். ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதைக் கண்டதும் நடைபாதையை விட்டே இறங்கி நடந்தான்.

“என்னல?”

“பக்கத்துல போனா புடிச்சிருவாவளோன்னு இருக்கு, எக்கா.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயிலில் ஏறிய பிறகுதான் அவன் முகம் மாறியது. “வண்டிக்காரர பாத்து மாப்பு கேக்கணும்க்கா” என்றான். “ஞாயித்துக்கிழம போவோம்ல” என்றேன்.

தாராவியில் அம்மா சந்து முனையிலேயே நின்றிருந்தாள். முதலில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “இனி எவன் வண்டியையாவது தொட்டே...” என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே அவனைக் கட்டிக்கொண்டாள்.