காணவில்லை என்று எழுதிக் கொடுப்பவள்

மற்றவர்களின் துக்கத்தை ஒரே பக்கத்துக்குள் அடக்கி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுப்பது என் தொழில். திருவள்ளூரில் காவல் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறேன். காணாமல் போனவர்கள், கொலையுண்டவர்கள், தண்டவாளத்தோரம் கிடந்தவர்கள், இவர்களுடைய வீட்டார்தான் அதிகமும் வருவார்கள். நீங்களும் ஏதோ ஓர் அலுவலக வாசலில் "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பியவராகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் எனக்குக் கூச்சம் இல்லை.

நானும் முதலில் மனு கொடுக்க வந்தவள்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கவரைப்பேட்டையில் டீ குடிக்க இறங்கினார். பஸ் கிளம்பியபோது அவர் ஏறவில்லை. பல வருஷமாகியும் அதற்கு மேல் ஒரு வரி தெரியாது. கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் என் மனுவை நானே எழுதினேன். பக்கத்தில் நின்றவள் தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முடிவு தெரிந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. அந்த முடிவு எதுவானாலும் பொறாமைதான்.

நயம்

பக்கத்து மேசை சாமுவேல் ஓய்வு பெற்ற ஏட்டு. அவர் எழுதும் மனு காலையில் உள்ளே போனால் மதியத்துக்குள் ரசீதோடு வெளியே வரும். என்னுடையவை உள்ளேயே தூங்கும். அவருடைய வாக்கியங்களில் மருந்துக்கும் அழகு கிடையாது. எனக்கு எரிச்சலே அதுதான்.

ஒருமுறை பழவேற்காட்டிலிருந்து ஒரு மீனவர் வந்தார். வலை போடப் போன மகன் திரும்பவில்லை, படகு மட்டும் கரை ஒதுங்கியிருக்கிறது, மகனுக்கும் பக்கத்துக் குப்பத்து ஆட்களுக்கும் தகராறு என்று சொல்லி அழுதார். "கரை சேர்ந்த படகு, வாய் திறவாத சாட்சியாய் நிற்கிறது" என்று எழுதினேன். எனக்கே பிடித்துப்போய் உரக்க வாசித்தும் காட்டினேன். பெரியவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு நேரே சாமுவேலிடம் போய்விட்டார். சாமுவேல் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், என் பக்கம் திரும்பினார்: "புலவரம்மா, படகெல்லாம் கோர்ட்டுல வந்து பேசாது. பையன் இன்னா கலர் சட்ட போட்டுகினு போனான், கூட யாரு போனது, அத்தக் கேட்டு எழுதும்மா!"

மரத்தடி டீ

எங்கள் மரத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு விஷயத்துக்கு முடிவு தெரிகிறதோ, அவர்கள் அன்றைக்கு அங்கே காத்திருப்பவர்கள் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஆள் உயிரோடு கிடைத்தாலும் டீ, பிணமாகக் கிடைத்தாலும் டீ. யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் விபரீதம் என்பார்கள். காத்திருந்து பழகியவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

மணவாள நகர் கஸ்தூரியின் தம்பியைக் கொன்றவன் பிடிபட்டான். தம்பியோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனிக்குப் போய்வந்தவன். சாவுக்கு வந்து முன்னால் நின்று பாடை கட்டியவனும் அவன்தான். கஸ்தூரி வீங்கிய கண்களோடு ஒவ்வொருவருக்கும் கிளாஸை நீட்டிக்கொண்டே வந்தாள். முகத்தில் அழுகை இருந்தது. ஆனால் தோள்கள் இறங்கியிருந்தன, தலைச்சுமையைக் கீழே வைத்தவளுடைய தோள்கள் மாதிரி. நான் அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் கஸ்தூரி சொன்னாள்: "புடிம்மா, ஆறிடப் போவுது. எல்லாரு டீயயும் குடிச்சிட்ட, நீ எப்பத்தான் எங்களுக்கு வாங்கித் தரப்போற?"

ஐந்து பாகம்

குற்றக் கதைகள் சொல்லும் யூடியூப் சேனல்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். தாடி, கறுப்புச் சட்டை, தாழ்ந்த குரல். ஏற்கெனவே மீஞ்சூர் பக்கம் நடந்த ஒரு நகைக்கடைக்காரர் கொலையை ஐந்து பாகமாகப் போட்டவர். அந்த ஐந்தையும் நான் பார்த்திருக்கிறேன். செத்துப்போன அந்த மனிதருக்குப் பின்னணி இசை இருந்தது, கடைசியாகப் போன தெரு இருந்தது, கடைசியாகச் சிரித்த போட்டோ இருந்தது. ஊரே அவருக்காக யோசித்தது. அவருடைய மனைவி கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதவும் செய்கிறேன்.

அதனால் அவர் என்னிடம் மைக்கை நீட்டியபோது நல்ல புடவை கட்டி வந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. எல்லாம் சொன்னேன். கடன் உண்டா என்றார். இல்லை. வேறு தொடுப்பு? இல்லை. கம்பெனியில் சண்டை? யாரோடும் சத்தமாகப் பேசாதவர். டீக்கடையில் யாராவது பார்த்தார்களா? ஒரு டீ குடித்தார், கிளாஸைக் கழுவி வைத்தார் என்றார் கடைக்காரர். சேனல்காரர் கேமராவை மெல்ல அணைத்தார். கெட்டவர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்: "இதுல ஒரு ட்விஸ்ட்டும் இல்லியேம்மா, ஜனங்க ஸ்கிப் பண்ணிகினு போய்டுவாங்க."

ஒரே எலும்பு, இரண்டு பேர்

கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியில் மண் அள்ளிய ஜேசிபி, எலும்புகளையும் சேர்த்து அள்ளியது. ஆண் என்றார்கள். மண்டையில் வெட்டுப் பிளவு இருக்கிறது, கொன்று புதைத்திருக்கிறார்கள் என்றார்கள். அந்தப் பக்கம் காணாமல் போய்த் துப்புக் கிடைக்காதவர்கள் என்று எங்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒன்று நான். இன்னொருத்தி மீஞ்சூர் மல்லிகா. வெல்டிங் வேலை இருக்கிறது என்று யாரோ கவரைப்பேட்டைக்குக் கூப்பிட, போனவர் அவள் கணவர். அதுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், எலும்பு கிடைத்த செய்தி வந்ததும் ஆளுக்கொரு முனைக்கு நகர்ந்துவிட்டோம். இருப்பதோ ஒருவருடைய எலும்பு. அது அவளுடையவர் என்றால் என்னுடையவர் இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கையை நீட்டினோம். நர்ஸ் சிரித்துவிட்டாள். மனைவியின் ரத்தம் இந்த டி.என்.ஏ. பரிசோதனைக்கு உதவாதாம். பெற்ற பிள்ளையோ கூடப்பிறந்தவர்களோ வேண்டுமாம். அத்தனை காலம் ஒரு தட்டில் சாப்பிட்டும் ரத்தக் கணக்கில் நான் அந்நியம். மல்லிகாவோடு அவள் மகள் வந்திருந்தாள். உடனே ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எனக்குப் பிள்ளை இல்லை. ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறி, கணவரின் தம்பியிடம் போய்க் கெஞ்சினேன். ஆந்திர எல்லை ஊர், அண்ணியைத் தெலுங்கில் வதினா என்றுதான் கூப்பிடுவார். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு சொன்னார்: "வர்றேன் வதினா. ஆனா அது அண்ணனா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கினுதான் ரத்தம் குடுப்பேன், நீயும் அப்டியே வேண்டிக்கோ." நான் பஸ் முழுக்க நேர்மாறாக வேண்டிக்கொண்டு வந்தேன்.

மல்லிகா

எலும்பு மல்லிகாவின் கணவருடையது. மகளின் ரத்தத்தோடு ஒத்துப்போனது. பரிசோதனை முடிவு வந்த கடிதத்தை சாமுவேல்தான் படித்துச் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் இருந்தார். மல்லிகாவுக்கு ஒரு மண்டை ஓடு, ஒரு கொலை வழக்கு, மீஞ்சூர் சுடுகாட்டில் ஓரிடம், வருஷத்துக்கு ஒருமுறை படையல் போட ஒரு நாள், எல்லாம் ஒரே கடிதத்தில் கிடைத்துவிட்டன. எனக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். என் கை சில்லென்று இருந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் வந்தாள். கொன்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி மனு எழுத வேண்டும். சாமுவேலிடம் போகாமல் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எழுதினேன். எங்கே போனார், யார் கூப்பிட்டது, என்ன பேர் சொன்னார்கள், எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு அலங்காரமும் இல்லை. படித்துக் காட்டியபோது அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி?" என்றேன்.

"அந்தக் கடுதாசி வர்ற வரிக்கும் வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா அவருதான்னு எழுந்து ஓடுவேன்க்கா. இப்ப கேட்டா எழுந்திரிக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சிடுது, வேற யாரோன்னு. ஊட்ல உக்காரவே முடியல. உனுக்கு இன்னும் அந்த சத்தம் கீது. தப்பா நெனச்சிக்காத, உன்னப் பாத்தா எனுக்கு வயிறு எரியுதுக்கா."

இத்தனை வருஷம் ஊரார் துக்கத்தையெல்லாம் பார்த்துப் பொறாமைப்பட்டவளுக்கு, தன்னிடமும் பிறர் பொறாமைப்படும்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அன்று, கொஞ்சம் கர்வமாகவே இருந்தது என்பதைத் தவிர இந்தத் தொழிலில் நான் சம்பாதித்ததாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை.