பம்ப்புக்காரர் வீட்டுப் பவளம்

கோயம்புத்தூரில் கடல்நீர்த் தொட்டி பராமரிப்பவர்களுக்கு உப்பை விடப் பெரிய தொல்லை, மோட்டார் தெரிந்த வாடிக்கையாளர்கள். தெருவுக்கு நாலு பேர் அப்படி இருக்கிறார்கள் என்பது, என்னைப் போலவே வாளியும் குழாயுமாக அலையும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பட்டறையிலிருந்து வந்தது

துடியலூர் தங்கவேல் அண்ணன் போர்வெல் மோட்டார் செய்கிறவர். அவர் வீட்டுக் கூடத்தில் நான் வைத்துக்கொடுத்த தொட்டியில், காளான் போல விரியும், உயிருள்ள மென்பவளம் ஒன்று உண்டு. அவர் மனைவி சரோஜா அக்காவின் செல்லம். அது விரியாமல் சுருண்டே கிடக்கிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், நான் மாட்டியிருந்த சின்ன அலை மோட்டாரைக் காணோம். தொட்டிக்கு வெளியே பட்டறை பம்ப் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாய் பவளத்தின் மேல் நேராகப் பீய்ச்சியதில் ஒரு பக்கம் தோலே உரிந்திருந்தது.

"பாறைக்குப் பின்னால அழுக்குத் தங்குச்சுங்க, அதான் பெருசா வெச்சேன்" என்றார் அண்ணன். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது செத்துதுன்னா தொட்டியத் தூக்கிப்போட்டு பழைய ஷோகேஸையே வெச்சுக்குவேன், சொல்லிப்போட்டேன்."

கண்ணாடிக்கு அடிப்பது

அழுக்குத் தங்கியது உண்மைதான். அதற்கு வேகம் தேவையில்லை. பட்டறை பம்பைக் கழற்றிவிட்டு, சின்ன மோட்டார்கள் இரண்டை இரு ஓரங்களிலும் மாட்டி, முன்கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினேன். மாறி மாறி ஓடும்படி வைத்தேன். நீர் கண்ணாடியில் மோதி உடைந்து, பாறையின் பின்பக்கமும் சுற்றி வந்தது. மீன் தீனியை ஒரு சிட்டிகை போட்டேன். துணுக்குகள் எந்த மூலையிலும் நிற்காமல் அலைந்தன.

கீழிருந்து மேலே தண்ணீர் ஏற்றியே பழகிய அண்ணன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "கண்ணாடிக்கு எதுக்குங்க தண்ணி அடிக்கறீங்க? எங்கிருந்து எங்க போகுதுன்னே தெரியலையே!"

மத்தியானம்

மறுவாரமும் பவளம் மூடியே இருந்தது. ஓட்டத்தில் பிழையில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிழை வேறெங்கோ இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்தேன். அண்ணன் சாப்பிட வந்தார். சாப்பிட்டு, கை கழுவி, படுக்கப் போகும் வழியில் அவர் கை தானாகச் சுவிட்ச் போர்டுக்குப் போனது. இரண்டு மோட்டாரும் நின்றன. நீர் தட்டுப் போல அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைத் திறந்தன.

"தெனமும் நிறுத்தறீங்களா?"

"சாயங்காலம் போட்டுருவேனுங்க. காலைல இருந்து ஓடுது, மோட்டார்னா கொஞ்சம் ஆறோணுமில்ல?"

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "உங்க நெஞ்சையும் மத்தியானத்துல நிறுத்தி ஆறப்போடுங்களே, பாக்கலாம்!"

விருந்தாளி

அந்தச் சுவிட்சுக்கு அண்ணனே ஒரு மூடி செய்து திருகிவிட்டார். அடுத்த முறை நான் போனபோது பவளம் உரிந்த பக்கமும் சேர்த்து விரிந்து, ஒவ்வோர் இழையாக ஆடிக்கொண்டிருந்தது. சூலூரிலிருந்து வந்திருந்த அண்ணனின் மச்சான், மோட்டார் ஏன் கண்ணாடியைப் பார்த்து இருக்கிறது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "அது அப்படித்தான் மாப்ளே. தண்ணி எங்கயும் போகக் கூடாது, அதும் பாட்டுக்குச் சுத்தோணும். நானே யோசிச்சு வெச்சது."

தொட்டிக்குள் தண்ணீரைச் சுற்ற விடுவது அரை மணி நேர வேலை, அப்புறம் அதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் தொழில்.