கனடாக்காரன் நிரப்பிய படிவம்

போன கிழமை மகள் தன் வெள்ளைச் சட்டையை ஈரத்தோடே அயன் பண்ணினாள். நனைந்த பருத்தி சூடேறும் அந்த மணத்தில் நான் கையிலிருந்த தேநீரை மறந்து நின்றுவிட்டேன். "என்ன நடந்தது?" என்று டெனிஷில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லலாம்.

டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு வந்த புதிதில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் என் சட்டையைக்கூட அம்மாதான் தோய்த்தா. இங்கே ஊர் பேர் தெரியாத நோயாளர்களின் படுக்கை விரிப்பெல்லாம் என் கையில். பெரிய அயன் மெசினுக்குள் விரிப்பை விடும்போது ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை லியென். வியட்நாமிலிருந்து படகில் தப்பியவள். நடுக்கடலில் ஒரு டெனிஷ் சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டதாம். மெசின் பழுதானால் வருகிறவன் ஜோன், நெடிய மனிதன். கனடாக்காரன் என்று சொல்லிக்கொள்வான். மூவரும் கதைத்தது உடைந்த டெனிஷ். என் நினைவில் அது எப்படியோ தமிழாகிவிட்டது.

ஒருநாள் லியெனின் கை சூடான உருளையில் பட்டுவிட்டது. ஜோன் ஓடிவந்து அந்தக் கையைத் தண்ணீர்க் குழாயின் கீழ் பிடித்தபடி ஏதோ கேட்டான். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வலிக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறான். ஆனால் வியட்நாமிய மொழியில்.

சாப்பாட்டு நேரம் அவனே எங்களிடம் சொன்னான். அவன் அமெரிக்கன். ராணுவத்தில் ஒரு வருடம் வியட்நாமில் நின்றவன். பிறகு ஜெர்மனி முகாமுக்கு மாற்றினார்கள். திரும்பவும் யுத்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கிருந்து சுவீடனுக்கு ஓடி, ஒரு டெனிஷ்காரியைக் கட்டி இங்கே வந்துவிட்டான்.

"சனத்தைச் சுடேலாமல் விட்டிட்டு வந்தனான். இப்ப ஊருக்குப் போனால் பிடிப்பினம்," என்றான்.

எனக்கு அவன்மேல் மரியாதை கூடிற்று. லியென் எழுந்து போய்விட்டாள். அவளுடைய தகப்பன் அமெரிக்க முகாமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அமெரிக்கர் போன பிறகு, வென்றவர்கள் அவரை ஆறு வருடம் காட்டு முகாமில் அடைத்து வைத்தார்கள். விட்டுவிட்டுப் போனவர்களில் ஜோனும் ஒருவன் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு.

சமாதானம் செய்யப் போனேன். இருபத்துநாலு வயது, உலகத்தைத் திருத்துகிற வயது.

"அவன் நல்ல மனிசன், லியென். சண்டை வேண்டாமெண்டு வந்தவன்."

"நீரும் அப்பிடித்தானே வந்தனீர்," என்றாள். "அங்கை சண்டையிலை நிக்கிற உம்மடை சிநேகிதர் உம்மைப் பற்றி என்ன சொல்லுவினம்?"

அன்று முழுக்க விரிப்பின் முனையை மட்டும் பார்த்தபடி நின்றேன்.

சில மாதங்களின் பின், வென்றவர்களின் காட்டு முகாம்களில் இருந்தவர்களை அமெரிக்கா கூப்பிடுகிறது என்று செய்தி வந்தது. வியட்நாமில் இருந்த தகப்பனுக்காக லியெனுக்குப் படிவங்களும் வந்தன. என் கல்லூரி ஆங்கிலத்தை நம்பி ஒன்றை நிரப்பிய நான், தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஊரின் பெயரை எழுதிக் கெடுத்தேன். மிஞ்சிய படிவத்தை அவள் கொண்டுபோய் ஜோனின் முன்னால் வைத்தாள்.

மூன்று மத்தியானங்கள் அவன் சாப்பிடாமல் எழுதினான்.

"அப்பா ஆரோடை வேலை செய்தவர்?"

"உங்களோடை," என்றாள்.

அமெரிக்க ராணுவத்தோடு என்று எழுதினான்.

தகப்பன் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார். அவருடைய முதல் படம் வந்தபோது லியென் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கடை வாசலில் நின்று சிரிக்கிறார். ஜோன் கடையின் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கடையிலை அம்மாவோடை சாமான் வாங்கியிருக்கிறன்," என்றான். "அவ இப்பவும் அங்கைதான்."

ஒரு துண்டில் தாயின் விலாசத்தை எழுதி லியெனிடம் கொடுத்தான். அடுத்த மாதம் அவள் வந்து, "அப்பா போய்ப் பாத்தவர். உங்கடை அம்மா கதிரையிலை இருத்தித் தேத்தண்ணி குடுத்தவவாம். உங்களைப் பற்றித்தானாம் பின்னேரம் வரைக்கும் கதை," என்றாள். ஜோன் திருகாணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

ஜோனின் தாயும் லியெனின் தகப்பனும் இப்போது இல்லை. லியென் அமெரிக்காவுக்கே போய்விட்டாள். சலவைத் தொழிற்சாலை இருந்த இடத்தில் மாடிவீடுகள். ஜோன் போன மாரியில் இறந்தான், ஒருமுறையும் ஊர் போகாமலே. அவன் துண்டில் எழுதிக் கொடுத்த, தாய் இருந்த தெருவுக்கு ஒரு மரத்தின் பெயர். எந்த மரமென்று அண்மையில் தொலைபேசியில் லியெனைக் கேட்டேன். அவளுக்கும் மறந்துபோயிற்று.