பர்கண்டி கொன்டெய்னரும் என் கையெழுத்தும்

1. கதவு திறந்தபோது

ட்ருகனினா என்ற புறநகரில், வைன் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியின் வெயர்ஹவுஸில் சரக்குப் பொறுப்பெடுப்பது என் வேலை. இங்கே கோடையான மாசி மாத வெயிலில் பிரான்ஸிலிருந்து ஒரு குளிர் கொன்டெய்னர் வந்தது. எல்லாம் பர்கண்டி வைன். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. கதவிலுள்ள முத்திரையை வெட்டித் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்க வேண்டும். வெயிலில் பூட்டிவிட்டுப் போன காரைத் திறந்தது போல இருந்தது.

ஒரு பெட்டியை உடைத்தேன். நல்ல போத்தலின் கழுத்திலுள்ள ஃபொயில் விரலால் திருப்பினால் சுழலும். இது சுழலவில்லை. வைன் சூட்டில் கசிந்து ஒட்டியிருந்தது. அடுத்ததில் தக்கை நகத்தளவு மேலே வந்திருந்தது. வெள்ளையில் ஆறு பெட்டி, சிவப்பில் ஆறு பெட்டி பார்த்தேன். இரண்டும் ஒரே கதைதான்.

சூப்பர்வைசர் கணேஷ் மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தாளை நீட்டினார். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“சைன் பண்ணுங்கண்ணே. ரெண்டு மணிக்கு ரெஸ்டாரன்ட் வண்டி வருது.”

“மாட்டன் தம்பி. இது வெந்து போய் வந்திருக்கு.”

“சர்ச்ல ஃபாதர் குடிக்கிறத தூரத்துல இருந்து பாத்த ஆளு நீங்க. ஒயினப் பத்தி உங்களுக்கு என்னண்ணே தெரியும்?”

“வைன் தெரியாது. வெக்கை தெரியும். மன்னாரில மீன் லொறியில ஓடினனான். ஐஸ் உருகின மீனை உருகேல்லை எண்டு வித்த ஆக்களையும் தெரியும்.”

2. இறால்

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. சிட்னியில், பென்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு குளிரறையில் வேலை செய்தபோது, அங்கிருந்த முதலாளி சொன்னார் என்று இறால் பெட்டிகளைத் திறக்காமலே கையெழுத்து வைத்தேன். இறால் கெட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது, ஆகவே குற்றமும் என்னுடையதாயிற்று. வேலை போனது. ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், காரில் படுத்தேன். மழை நாளில் கண்ணாடி திறக்க முடியாது என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

3. தாள்

கணேஷ் முதலாளிக்கு ஃபோன் போட்டார், ஸ்பீக்கரில். கையெழுத்து வைக்கச் சொல், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பு, ஆள் அனுப்பும் ஏஜென்சியில் வேறு ஆள் இருக்கிறான் என்றார் முதலாளி.

நான் அச்சடித்த வரியைப் பேனையால் வெட்டினேன். ‘குளிர் இல்லை. தக்கை எழும்பியிருக்கிறது. ஃபொயில் ஒட்டியிருக்கிறது’ என்று என் ஓட்டை இங்கிலிஷில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கொன்டெய்னர் ட்ரைவரையும் வைக்கச் செய்து, அவருடைய பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டேன். இனி யாரும் மாற்ற முடியாது.

“அண்ணே, வேலை போயிரும்ணே.”

“போனா வேற வேலை தேடுவன். கையெழுத்து ஒண்டுதான் இருக்கு.”

பத்து நாள் ஒரு ஷிஃப்டும் வரவில்லை. பிறகு கணேஷ் அழைத்தார்.

“ஓனர் வெள்ளைல ஒண்ணு, செவப்புல ஒண்ணு தொறந்து பாத்தாரு. ரெண்டையும் சிங்க்ல ஊத்திட்டாரு. நீங்க எழுதின தாளக் காட்டினதும் கப்பல் கம்பெனிக்காரன் நஷ்டத்தத் தர ஒத்துக்கிட்டான். திங்கக்கிழமை வரச் சொல்றாருண்ணே.”

“சொரி எண்டு மன்னிப்புச் சொன்னவரோ?”

“அதெல்லாம் இல்லண்ணே.”

“அப்ப நானும் சொல்ல மாட்டன். வாறன். வந்தாலும் பெட்டியை உடைச்சுப் பார்த்துத்தான் கையெழுத்து எண்டு சொல்லு.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. வைனைக் குடித்துப் பார்க்கத் தேவையில்லை. கதவு திறந்ததும் முகத்தில் என்ன படுகிறது என்று பாருங்கள். பிறகு தாளை வாசியுங்கள். அச்சடித்திருப்பது பொய்யென்றால் வெட்டிவிட்டு உண்மையை எழுதுங்கள். அதற்குத் தாளில் எப்போதும் இடம் இருக்கும்.