பட்டாணி அளவு சதை

என் குளியலறை மாடத்தில் ஒரு களிம்புக் குழாய் இருக்கிறது. அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கட்டைவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. அத்தையும் இதே களிம்பை இப்படித்தான் சுருட்டி வைப்பார்.

அம்மா இல்லாத என்னை வளர்த்தவர் அப்பாவின் தங்கையான அந்த அத்தைதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறிகளின் சத்தத்துக்கு நடுவே எங்கள் வீடு. 1986-ல் பள்ளி முடித்ததும் மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுகூட வாங்கிவிட்டேன். அந்த வாரம்தான், துவைக்கப் போட்ட அத்தையின் பாவாடையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்தேன். விலக்கு நின்று நாலு வருடம் ஆனவர். பயந்துபோய் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். என் முன்னால் கூச்சப்படுவாரே என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்தவர் மருந்துச் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகினார். பஸ் ஏறியதும் கேட்டேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ அத்தை?"

"என்னத்தச் சொல்லுவாவ. புத்துநோய்தான். அம்புட்டுத்தான் என் காலம். கண்ண மூடுறதுக்குள்ள ஒன் கழுத்துல எம் பிள்ள தாலி கட்டுறதப் பாத்திரணும் ஏட்டி."

அந்தச் சீட்டை வாங்கிப் படித்திருக்கலாம். நர்ஸாகப் போகிறவள்தானே நான்! ஆனால் எங்கள் வீட்டில் அந்த உறுப்புக்குப் பெயரே கிடையாது. "கீழ" என்போம், அதோடு சரி. அதைப் பற்றிய காகிதத்தைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். தங்கை சாகப்போகிறாள் என்று அப்பாவும் தலையாட்டினார். ஆவணியில் அத்தை மகனுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. மதுரை இடம் யாருக்கோ போனது.

ஒவ்வொரு தீபாவளியும் அவருக்குக் கடைசி என்று எண்ணி ஒளிந்து அழுதேன். அவரோ அதிரசம் சுட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் உயிருக்காக மார்கழி மார்கழியாய் ஆண்டாளிடம் விரதம் இருந்தேன். ஆண்டாள் கருணை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன், முட்டாள்.

1995-ல் ராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் கூமாப்பட்டியிலிருந்து ஓர் அம்மா இதே ரத்தப் பொட்டோடு அழுதுகொண்டு வந்தார். டாக்டரம்மா சோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மூத்திரம் வர்ற வாசல்ல பட்டாணி அளவுக்குச் சதை வளந்திருக்கு. விலக்கு நின்ன பொறவு அங்க தோல் மெலிஞ்சிரும், அதனால வருது. துணி உரசினா ரத்தம் கசியும், எரியும். பாத்தவரைக்கும் புத்து மாதிரி இல்ல. இந்தக் களிம்பப் போடுங்க. குறையலன்னா வெட்டி எடுத்துச் சோதிச்சிருவோம்."

களிம்பின் பெயரைச் சீட்டில் எழுதியது நான்தான். ஒன்பது வருடமாக எங்கள் மாடத்தில் பார்த்த பெயர்.

வீட்டுக்கு வந்து குழாயை அத்தை முன்னால் வைத்தேன். "இது புத்துக்கு மருந்தா அத்தை?" அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ மதுரைக்குப் போனா திரும்பி வருவியாக்கும்? எனக்கு வேற ஆரு இருக்கா?" என்றார். பிறகு மறுபடி அரிசியில் கல் பொறுக்கினார்.

அவர் மகனுக்கும் இது தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் குடும்பம் நடத்த முடியாது. அத்தை அதன் பிறகும் பதினாறு வருடம் இருந்தார். நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் சோறு ஊட்டினேன். மன்னிக்கவில்லை.

போன மாதம் எனக்கும் அதே பொட்டு, அதே பட்டாணிச் சதை. வேலைக்காகச் சென்னை கிளம்ப இருந்த சின்ன மகள் குழாயைப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"என்னம்மா இது? டிக்கெட்ட கேன்சல் பண்ணட்டுமா?"

"மூத்திர வாசல்ல சின்னதா ஒரு சதை. டாக்டர் பாத்தாச்சு, புத்து இல்ல. நீ போயிட்டு வா."

சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. இவ்வளவுதான் அத்தை சொல்லியிருக்க வேண்டியது.